அப்பா போய் மூன்று மாதம், மணி இன்னும் இட்டேரி முனையில் உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்யட்டுங்க?

கிளுவைவேலி:

வணக்கம்ங்க. இங்கே எருமைக்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு, ஆட்டுக்குப் பூச்சிமருந்து எப்போது என்றுதான் எல்லோரும் கேட்பீர்கள், நான் கேட்பது நாயைப் பற்றி. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவில் பக்கம். மேய்ச்சலுக்குக் கொரங்காடு ஐந்து ஏக்கர், கிணற்றுத் தண்ணி பாயும் பூமி ஒன்றரை ஏக்கர், ஒரு எருமை, இரண்டு மாடு, பதினைந்து உருப்படி ஆடு. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், தங்கையைக் கரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தோட்டத்தில் அப்பா, அம்மா, அப்புறம் மணி. மணி சாதாரண நாட்டு நாய், செவலை, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பத்து வருசத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை அப்பா காலி பால்கேனுக்குள் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். கேனைக் கழுவ அம்மா ரெண்டு நாள் சண்டை போட்டது.

அப்பா தினமும் பொழுதோட சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவார், அப்படியே டீக்கடையில் நாயம் பேசிவிட்டு எட்டு மணி சுமாருக்கு எக்ஸ்எல்லில் வருவார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது, ஆனால் கட்டுத்தரையில் படுத்திருக்கும் மணி திடீரென்று எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு இட்டேரி முனைக்கு, அதாவது தோட்டத்துக்கு வரும் வேலிப்பாதையின் முனைக்கு நடப்பான். அவன் எழுந்ததும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடும். கல் காயவும் அப்பா வண்டி வாசலில் நிற்கவும் சரியாக இருக்கும். இது நான் காலேஜ் படித்த காலத்திலிருந்து பார்ப்பது.

இனிமேல்தான் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மாசிக் கடைசியில் மணி அப்பாவின் இடது குதிங்காலை மோந்து பார்க்க ஆரம்பித்தான். வலது கால் பக்கம் போகவே மாட்டான். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தால் போதும், வந்து குதிங்காலில் மூக்கை வைத்துக்கொள்வான், நக்குவான், அப்பா "அக்கட்டால போடா" என்று காலாலேயே தள்ளிவிடுவார். செருப்பில் சாணி வாசம், அதுதான் என்றது அம்மா. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன், சிரித்துக்கொண்டே. இருபது நாள் கழித்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பார்த்தால் குதிங்காலில் வேலாமுள் ஒடிந்து உள்ளேயே இருந்து சீழ் வைத்து எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. பன்னிரண்டு வருச சுகர், காலில் உணர்ச்சியே இல்லை, முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. ஆபரேசன் செய்தார்கள், பத்து நாள் நன்றாகத்தான் இருந்தார், பதினோராம் நாள் வெடியால மூன்று மணிக்கு நெஞ்சுவலி, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தோட்டத்தில் மணி ஊளையிட்டான் என்று பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவர் சொல்கிறார்.

இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் எட்டு மணிக்கு இட்டேரி முனைக்குப் போய் உட்கார்ந்து, ஒன்பது ஒன்பதரைக்குத் திரும்பி வருகிறான். பாதிச் சோறுதான் தின்கிறான். பூமியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவை என்னோடு திருப்பூருக்குக் கூட்டிவரப் போகிறேன். வாடகை வீடு, மாடி. பெரியப்பா, "தோட்டத்து நாயைக் கொண்டுபோய் மாடியில் அடைக்காதே, இங்கேயே கிடக்கட்டும், ஒரு நேரம் சோறு நான் வைக்கறேன்" என்கிறார். அம்மா, மணி வராவிட்டால் நானும் வரவில்லை என்கிறது.

கேள்வி இரண்டு. அவனுக்கு நிஜமாகவே தெரிந்ததா, எங்களுக்குச் சொல்லத்தான் பார்த்தானா? இரண்டாவது, கூட்டிவருவதா விட்டுவருவதா?


மஞ்சக்காட்டு_மாப்ள:

படித்ததும் பொக்குனு போயிருச்சுங்க. ஜப்பானில் ஹாச்சிகோ என்று ஒரு நாய், எசமானர் 1925ல் இறந்துபோன பிறகும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குத் தினமும் வந்து கிட்டத்தட்ட பத்து வருசம் காத்திருந்ததாம். அது உயிரோடு இருக்கும்போதே 1934ல் அதற்குச் சிலை வைத்தார்கள். உங்கள் மணியும் அந்த ஜாதிதான். நாய்க்கு நம்மை விட ஒரு அறிவு கூடுதல், அதை யாரும் மறுக்க முடியாது. கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.


தறிச்சத்தம்:

நான் மறுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு வருத்தம். ஆனால் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது.

வண்டி விசயத்தை முதலில் பார்ப்போம். எனக்குச் சென்னிமலைப் பக்கம் தறிக்குடோன், பதினாறு தறி. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்றே ஏழாவது தறியில் நாடா சரியாக அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். வெளியாளுக்கு அது வெறும் இரைச்சல். மனுசக் காதே பழகினால் இவ்வளவு பிரிக்கும் என்றால், நாய்க்குக் கேட்காதா? நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு சரி, நாய்க்கு 45,000 வரைக்கும் கேட்கும். எக்ஸ்எல் எல்லாம் ஒரே மாதிரி என்று நாம் நினைக்கிறோம், ஒன்றில் சங்கிலி உரசும், ஒன்றில் சைலன்சர் ஆடும், பால்கேன் கொக்கியில் இடிக்கிற சத்தம் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. தோட்டத்து அமைதியில் அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே வந்துவிடும்.

எங்கள் டைகரும் இப்படித்தான், நான் தெருமுனை திரும்புவதற்குள் கேட்டில் நிற்பான், ஊரே அதிசயமாகப் பேசும். போன வருசம் பழைய வண்டியைப் பக்கத்துத் தெரு ஆளுக்கு விற்றுவிட்டுப் புதுசு எடுத்தேன். முதல் வாரம் பூரா என் புது வண்டியைப் பார்த்துக் குரைத்தான், அந்த ஆள் என் பழைய வண்டியில் தெருவைத் தாண்டினால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடினான். என் சம்சாரம் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இதை வெளிநாட்டில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1990களில் இங்கிலாந்தில் ஜேட்டீ என்று ஒரு நாய், வீட்டுக்காரம்மா எங்கிருந்து கிளம்பினாலும் அந்த நேரத்துக்கு ஜன்னலுக்குப் போய்விடும் என்றார்கள். ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்பவர் வீடியோ எடுத்து ஆமாம் என்றார். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல்காரர் அதே நாயை வைத்து நாலு தடவை சோதித்துவிட்டு இல்லை என்றார், நாய் சும்மாவே அடிக்கடி ஜன்னலுக்குப் போகிறது, அதில் ஒன்று எதேச்சையாகப் பொருந்துகிறது என்பது அவர் வாதம். ஷெல்ட்ரேக் ஒத்துக்கொள்ளவில்லை, அது தனிக் கதை.

ஊளையும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் அதற்கு முந்தின வாரம் எத்தனை ராத்திரி மணி ஊளையிட்டான் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஞாபகம் இருக்காது. சாவு விழுந்த ராத்திரி மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ஹாச்சிகோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மஞ்சக்காட்டுக்காரர் என்னைத் திட்டினாலும் சரி. செத்தபின் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் சுட்ட கோழிக்கறி செருகும் குச்சிகள் இருந்தன. ஸ்டேசனில் நிறையப் பேர் தீனி போட்டிருக்கிறார்கள்.

பாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015ல் ஜப்பானில் அசபு பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாயும் ஆளும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் ஏறுகிறது என்று கண்டார்கள், தாய்க்கும் குழந்தைக்கும் நடக்கிற அதே சமாச்சாரம். அந்தப் பாசமே போதும். மேலே ஞானதிருஷ்டி எதற்கு?


அமுச்சி_வளர்த்த_புள்ள:

தறிச்சத்தம் அண்ணா, நீங்கள் வண்டியையும் ஊளையையும் மட்டும் எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டீர்கள். தம்பி முக்கியமாகக் கேட்டது அந்தக் கால்தானே?

எனக்குக் கோபி. நான் லேப் டெக்னீசியன், டாக்டர் இல்லை, அதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மோப்பத்துக்கான செல் மனுசனுக்கு ஐம்பது அறுபது லட்சம், நாய்க்கு இருபது கோடிக்கு மேலே. புண்ணில் கிருமி பெருகினால் அதற்கென்று ஒரு வாசம் உண்டு, நமக்கு முற்றிய பிறகுதான் தெரியும், நாய்க்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடலாம். ஆக அவனுக்குத் தெரிந்ததா என்றால், கண்ணு, தெரிந்தது. குதிங்காலில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அது முள், அது ஆபத்து, இவர்களிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவன் யோசித்தான் என்று நான் நினைக்கவில்லை. நாய் ஒரே இடத்தை விடாமல் மோந்தால் அங்கே பார்க்க வேண்டும் என்பது நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், அதை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஸ்டேட்டஸ் வைத்ததற்கு உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். நான் லேபில் தினமும் சுகர் பார்க்கிறவள், எங்கள் வீட்டில் நடந்ததே எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு இன்சுலின். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் பொமேரியன் அம்மா கட்டிலில் ஏறி முகத்தைப் பிராண்டுகிறது. நான் எழுந்து நாயை அதட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுபடியும் பிராண்டல். லைட் போட்டுப் பார்த்தால் அம்மா வேர்த்து ஊற்றிக் குழறிக்கொண்டிருக்கிறார், குத்திப் பார்த்தால் 48. சர்க்கரைத் தண்ணி கொடுத்து எழுப்பினோம். அப்புறம் படித்ததில், 2016ல் கேம்பிரிட்ஜில் சிலர் சோதித்ததில், சுகர் இறங்கும்போது மூச்சில் ஐசோபிரீன் என்ற ஒன்று கூடுகிறது என்று தெரிந்ததாம், அதைத்தான் நாய் மோப்பம் பிடிக்கலாம் என்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை இறங்கியபோது அதே நாய் கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டுத் தூங்கியது. ஆகவே நாய் இருக்கிறது என்று மிசினை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் சுகர்காரர்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். அப்புறம் நாய் நக்கினால் புண் ஆறும் என்று எங்கள் அமுச்சியும் சொல்வார், அது தப்பு. நாய் வாயில் எப்போதுமே இருக்கும் சில கிருமி சுகர்காரர்களுக்கு ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே வினை. மோந்து பார்க்கட்டும், நக்க விடாதீர்கள்.


மஞ்சக்காட்டு_மாப்ள:

குச்சி இருந்தால் என்னங்க, கோயிலுக்குப் போகிறவன் பிரசாதம் வாங்கித் தின்றால் சாமி கும்பிடவில்லை என்று ஆகிவிடுமா?


தறிச்சத்தம்:

இது நல்ல கேள்வி. பதில் இல்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.


பட்டிக்காரன்:

மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், இரண்டாவது கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். விட்டுவிட்டு வராதீர்கள். பெரியப்பா நல்ல மனுசராகவே இருக்கட்டும், விட்டுவிட்டு வராதீர்கள்.

நமக்குக் காங்கேயத்துக்குத் தெற்கே. ஆடு எழுபது உருப்படி இருந்தது. நம்ம பக்கம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும், கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, ராவுல ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், ஆள் படுப்பது கிடையாது. எங்கப்பாரு காலத்தில் நரிக்குப் பயந்தார்கள், இப்போது நாய்க்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், வெடியால போய்ப் பார்த்தால் பட்டியில் 13 உருப்படி கிடக்கிறது. பசிக்குத் தின்றிருந்தால் கூட மனசு ஆறும். கழுத்தைக் கடித்து, மடியைக் கடித்து, அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தது. சினை ஆடு நாலு. அந்த நேரத்தில் வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை என்று எல்லாப் பக்கமும் இதே கதைதான், செத்த ஆட்டைச் சாலையில் போட்டு மறியல் செய்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

மூன்றாம் நாள் ராத்திரி நாங்கள் நாலு பேர் வேலியோரம் படுத்திருந்தோம். ரெண்டு மணிக்கு அஞ்சு நாய் வந்தது. டார்ச் அடித்தோம். முன்னால் வந்த நாய் கழுத்தில் பெல்ட்டு. சிவப்புப் பெல்ட்டு, நிறம் போய் ரோஸ் ஆகிவிட்டது, கழுத்து இளைத்துப்போய்ப் பெல்ட்டு தொளதொளவென்று ஆடுகிறது. எனக்கு அந்த நாயைத் தெரியும். எங்களுக்கு மூன்றாவது தோட்டம், பையனுக்கு வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு டவுனுக்குப் போனார்கள், குத்தகைக்காரர் சோறு வைப்பார் என்று நாயை விட்டுவிட்டுப் போனார்கள். குத்தகைக்காரர் ஒரு மாதம் வைத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் ராத்திரி அங்கே தங்குவதில்லை. அப்புறம் அது கறிக்கடைக் கழிவு கொட்டுகிற பள்ளத்துக்குப் போய் மற்ற நாய்களோடு ஒட்டுக்காகச் சேர்ந்துவிட்டது.

கையில் தடியோடு நிற்கிறேன், அதன் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மற்ற நாலும் ஓடிவிட்டது. இது மட்டும் நின்று, காதை மடக்கி, வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. வாயோரம் ஆட்டு ரோமம்.

அதை என்ன செய்தோம் என்று இங்கே எழுத மாட்டேன்.

நாய்க்கு நன்றி இருக்கிறதா, ஆறாம் அறிவு இருக்கிறதா என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு இருக்கிறதுங்க. அந்த வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டேன், "அந்த நாயா, அது இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள்.


கல்வெட்டுப்பித்து:

மனசு கனத்துவிட்டது பட்டிக்காரரே. கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். நம்ம நாட்டில் நாய்க்குக் கல்லே நட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்தான், அவனுக்கு எழுப்பிய கல். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது, அதற்குத் தனியாக ஒரு வரி: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் "காத்திருந்தவாறு" என்று. செத்தவன் பேரைப் பொறித்தது போலவே நாயின் பேரையும் பொறித்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 1,400 வருசம் ஆகியும் நமக்கு அந்தப் பேர் தெரிகிறது. காத்திருந்தவாறு என்றால் காவல் நின்றது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும், ஆனால் கிளுவைவேலி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரியும் கேட்கிறது.


ஓய்வுபெற்ற_கம்பவுண்டர்:

கால்நடை மருந்தகங்களில் முப்பது வருசம் வேலை பார்த்தவன். நான் சொல்லப்போவதில் உருக்கம் ஒன்றும் இருக்காது.

தம்பி, பாதிச் சோறு தின்கிறான், சோர்ந்திருக்கிறான் என்றதும் எல்லோரும் துக்கம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். துக்கமாகவும் இருக்கலாம். ஆனால் வயசு பத்து, தோட்டத்து நாய், உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் இதே அறிகுறிதான், தீனி குறையும், படுத்தே கிடக்கும், ஈறு வெளுக்கும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். முதலில் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே கேட்கும். எசமானர் போன ஏக்கம் என்று சொல்லிக்கொண்டே சீக்கில் சாகவிட்ட நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உள்ளூர் மருந்தகத்தில் முடியவில்லை என்றால் அங்கே கொண்டுபோங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று எழுதவே இல்லை. வருசா வருசம் போட வேண்டும். மாடிக் குடியிருப்பில் குழந்தைகள் இருக்கும், போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கூட்டிப்போகும்போது அப்பாவின் துவைக்காத துண்டோ வேட்டியோ இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் துவைத்து மடித்து வைத்துவிடுவார்கள். படுக்கிற சாக்கையும் தட்டையும் மாற்றக் கூடாது. டைல்ஸ் தரை வழுக்கும், வயசான நாய்க்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், நடக்கிற வழியில் சாக்கு விரியுங்கள். ஒரு மாதத்துக்குச் சங்கிலி இல்லாமல் வாசல் தாண்ட விடாதீர்கள், வெள்ளகோவிலுக்குக் கிளம்பிவிடுவான். வழி தெரிந்து போய்விடுவான் என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடுவில் இருப்பது காங்கேயம் ரோடு, லாரிக்கு அது தெரியாது.

தறிச்சத்தம் சொன்னது எனக்குச் சம்மதம். அந்தப் பெண் சொன்னதும் சம்மதம்.


கிளுவைவேலி:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும்.

முதலில் கம்பவுண்டர் அய்யாவுக்கு. ஈறு வெளுத்துத்தான் இருந்தது. ரத்தம் எடுத்தோம், உண்ணிக் காய்ச்சல்தான். மூன்று வாரத்துக்கு மேல் மாத்திரை, வெல்லத்துக்குள் வைத்தால் வெல்லத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான், கருவாட்டுக்குள் வைத்துத்தான் ஏமாற்றினோம். இப்போது முழுத் தட்டும் காலி. இட்டேரி முனைக்குப் போவது மட்டும் சோறு நன்றாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை.

பட்டிக்காரர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போனவர் மறுநாள் அவரே ஆட்டோ பேசி அனுப்பினார்.

பத்து நாளாகத் திருப்பூரில் இருக்கிறோம். அப்பா துண்டை அம்மா துவைக்கவில்லை, ஆனால் அதைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டது, மணிக்கு வேட்டிதான் கிடைத்தது. பகல் பூராவும் அதன் மேலேயே படுத்திருக்கிறான். எங்கள் தெருவில் சாயந்திரமானால் நிமிசத்துக்கு ஒரு எக்ஸ்எல் போகும், பீஸ் மூட்டை கட்டிக்கொண்டு. முதல் மூன்று நாள் ஒவ்வொன்றுக்கும் காதைத் தூக்கினான், மடிந்த காது உட்பட. நாலாம் நாளிலிருந்து தூக்குவதில்லை. தறிச்சத்தம் அண்ணா சொன்னது போல் ஒன்றிலும் அந்தக் கேன் இடிக்கிற சத்தம் இல்லை போல.

நேற்று எட்டு மணி இருக்கும், திடீரென்று எழுந்து உடம்பை உதறிவிட்டு மாடிப்படி கேட்டுக்குப் போய் உட்கார்ந்தான். நான் லேப்டாப்பில் இருந்தேன், திரும்பிப் பார்த்தால் அம்மா அடுப்பைப் பற்ற வைத்துக் கல்லைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் அதற்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் கரண்டியோடு அப்படியே நின்றது. கல் காய்ந்து புகைய ஆரம்பித்ததும் நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாலு தோசை. ஓரத்தைப் பிய்த்து மணிக்குப் போட்டேன், அப்பாவும் அப்படித்தான் போடுவார்.


பட்டிக்காரன்:

நல்லதுங்க. கழுத்துப் பெல்ட்டில் போன் நம்பர் அழியாத மையில் எழுதி மாட்டிவிடுங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் போகணும்.